லைன் ஃபாலோயர் ரோபோ வழியாகச் செய்முறைத் திறன்: பொறியியல் ஆசிரியர்களுக்கான பத்து வார வழிகாட்டி

பொறியியல் கல்லூரி லேபில் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை முன்கூட்டியே தெரியும். சீனியரின் ரெக்கார்டு நோட்டில் வரைபடம் வரை இருக்கும். வயரிங்கை லேப் உதவியாளர் முடித்து வைத்திருப்பார்; மாணவர் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டுப் போவார். நான்கு ஆண்டு இப்படிப் போனால், இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிவரும் பழக்கத்தில் வியப்பில்லை. செய்யத் தெரியாது என்று மாணவரே நம்பிவிடுகிறார்.

இதை மாற்ற ஒரு சிறிய ரோபோ போதும். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் லைன் ஃபாலோயரைத்தான் பரிந்துரைக்கிறோம். சக்கரம், மின்சுற்று, சென்சார், புரோகிராம் எல்லாம் அதில் இருக்கின்றன, எதில் தவறு நேர்ந்தாலும் ரோபோ கோட்டை விட்டு விலகிக் காட்டிவிடும். ஆனால் ரெடிமேட் கிட் வாங்கிக் கொடுக்காதீர்கள். சென்சார் போர்டு தயாராக வரும் கிட்டில் திருகு முறுக்கி, இணையத்தில் கிடைக்கும் புரோகிராமை ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் ரோபோ ஓடும். மாணவருக்கு ஒன்றும் ஒட்டாது.

பத்து வாரமும் ஒரே ஒரு விதி. எதையும் இணைக்கும் முன், மீட்டர் என்ன காட்டும் என்று எண்ணாக எழுத வேண்டும். பிறகு அளக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இந்த விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆள், நேரம், பொருள்

30 பேர் கொண்ட லேப் பேட்ச், 3 பேர் கொண்ட 10 குழுக்கள், வாரம் ஒரு 3 மணி நேர லேப். குழுவில் 4 பேர் ஆனால் ஒருவர் நிச்சயம் வேடிக்கைதான் பார்ப்பார். இயந்திர வேலை, மின்சுற்று, புரோகிராம் என்று மூன்று பொறுப்புகளை வாரந்தோறும் சுழற்றுங்கள். சுழற்றாவிட்டால் முதல் நாள் சால்டரிங் அயர்னை எடுத்தவரே கடைசிவரை வைத்திருப்பார்; குழுவில் மாணவி இருந்தால் "நீ ரிப்போர்ட் எழுதிடு" என்று நோட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். இது ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. யார் எந்த வாரம் எதைச் செய்ய வேண்டும் என்ற அட்டவணையை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே பொருட்கள்தான். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் 2.70 என்ற வடிவமைப்புப் பாடத்தை இப்படித்தான் நடத்தினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி உதிரிப்பொருள் தொகுப்பு, கடைசியில் போட்டி. பொருள் ஒன்றாக இருக்கும்போது, ரோபோக்களுக்குள் வரும் வித்தியாசம் முழுக்கச் செய்தவரின் யோசனையையும் கைப்பழக்கத்தையும் காட்டும்.

ஒரு குழுவுக்கு:

- அர்டுயினோ நானோ (புரோகிராமை ஏற்றி ரோபோவை இயக்கும் சிறு போர்டு) 1
- டி.பி.6612 மோட்டார் டிரைவர் (நானோ சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு மின்சாரம் தரும் போர்டு) 1
- என்20 கியர் மோட்டார், 6 வோல்ட், 300 ஆர்.பி.எம். 2, பிராக்கெட்டோடு
- 43 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 2, பால் காஸ்டர் (எந்தப் பக்கமும் உருளும் தாங்கு குண்டு) 1
- டி.சி.ஆர்.டி.5000 ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார் 6, 5 பொருத்த, 1 கையிருப்பு
- 220 ஓம் ரெசிஸ்டர் 6, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 8
- 18650 லித்தியம் அயான் செல் 2, ஹோல்டர், இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டு
- 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வர்ட்டர் 1
- ஸ்விட்ச் 1, புஷ் பட்டன் 1, 3 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரோடு
- 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் 1, 100 நானோஃபாரட் செராமிக் 6
- புள்ளி போர்டு 2, ஃபீமேல் ஹெடர், கிரிம்ப் கனெக்டர்கள்
- 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது பிளைவுட், 150 × 120 மி.மீ. அளவில்
- எம்3 திருகு, நட், ஸ்பேசர்

மல்டிமீட்டர் குழுவுக்கு ஒன்று கட்டாயம். வெப்பநிலை மாற்றக்கூடிய சால்டரிங் ஸ்டேஷன் இரண்டு குழுவுக்கு ஒன்று போதும். கையிருப்பாக நானோ 3, டிரைவர் 4, மோட்டார் 4, சென்சார் 20 வாங்கி வையுங்கள். எரிந்துபோனதற்கு மாணவரிடம் காசு கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரத்திலிருந்து யாரும் எதையும் தொடமாட்டார்கள். காசுக்குப் பதில் ஏன் எரிந்தது என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒன்று, 9 வோல்ட் சதுர பேட்டரி. மலிவு என்று பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். அதன் உள்மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து நானோ ரீசெட் ஆகும். மோட்டார் நின்றதும் வோல்டேஜ் ஏறும், நானோ மறுபடி எழும், மறுபடி விழும். மாணவர்கள் புரோகிராமில் தவறு தேடி ஒரு வாரத்தை வீணாக்குவார்கள். மற்றொன்று, 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சிட்ட 18650 செல். அந்த அளவுள்ள நல்ல செல்லே சுமார் 3500ஐத் தாண்டுவது அரிது. நல்ல செல் 45 கிராமுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், போலி கணிசமாக லேசாக இருக்கும். தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்.298 டிரைவர் எங்கும் கிடைக்கும், ஆனால் வேண்டாம். அது பழைய டிரான்சிஸ்டர் வகை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழியில் 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிச் சூடாக்கிவிடும். டி.பி.6612 மாஸ்ஃபெட் வகை, இழப்பு மிகக் குறைவு. ஒரு சேனலுக்குத் தொடர்ச்சியாக சுமார் 1.2 ஆம்பியர் தரும்.

வாரம் 1: மீட்டரைப் பிடிக்கக் கற்பது

முதல் லேபில் ரோபோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மல்டிமீட்டர், மோட்டார், ரெசிஸ்டர், செல், அவ்வளவுதான்.

செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், இரண்டைத் தொடராக இணைத்தால் 8.4. எழுதிய பிறகு அளக்கட்டும். அடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பேட்டரியின் குறுக்கே தொடராக, அதாவது டிவைடராகப் போட்டால் நடுவில் எவ்வளவு? 4.2. இதே டிவைடர் பின்னால் பேட்டரியைக் கண்காணிக்க ரோபோவில் உட்காரப் போகிறது.

பிறகு மோட்டார். இரண்டு முனைக்கு இடையில் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் வரும், ஒரே மோட்டாரில்கூட மாறும். பிரஷ் கம்யூட்டேட்டரில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்த மாற்றம் இது. சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஐந்தாறு முறை அளந்து, குறைந்த நிலையான மதிப்பை எடுக்க வேண்டும். 8 ஓம் வந்தது என்று வையுங்கள். 6 வோல்ட்டில் மோட்டார் சுழலாமல் சிக்கி நின்றால் ஓடும் மின்னோட்டம் 6 ÷ 8, அதாவது 0.75 ஆம்பியர். டிரைவர் தாங்குமா? தாங்கும். இந்தக் கணக்கைப் போட்ட மாணவர் டேட்டா ஷீட்டில் இருக்கும் 1.2 ஆம்பியருக்கு என்ன பொருள் என்பதை இனி மறக்கமாட்டார்.

கணக்கைச் சரிபார்க்க 3 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு நொடி மட்டும் பிடித்து நிறுத்தி, மின்னோட்டத்தை அளந்து இரண்டால் பெருக்கட்டும். முழு 6 வோல்ட்டில் பிடித்தால் என்20 மோட்டாரின் சின்ன பித்தளைப் பற்சக்கரம் தேய்ந்துபோகும்.

மின்னோட்டம் அளந்து முடிந்ததும் சிவப்பு புரோபை உடனே வோல்ட் துளைக்கு மாற்ற வைக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போதே பேட்டரி வோல்டேஜ் பார்க்கப் போனால், அது பேட்டரியின் இரு முனையையும் நேராகச் சேர்ப்பதற்குச் சமம். மீட்டர் ஃபியூஸ் போகலாம், புரோப் முனை கருகும். லித்தியம் செல்லில் இது விளையாட்டல்ல. ஒவ்வொரு குழுவிலும் "புரோப் எங்கே?" என்று கேட்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வாரம் 2: சால்டரிங், கிரிம்பிங்

63/37 ஈயம், அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர், 183 டிகிரியில் உருகும். அயர்னை 330 முதல் 350 டிகிரி வரை வையுங்கள். அயர்ன் முனை பேடையும் காலையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு நொடி சூடேற விட்டு, ஈயத்தை அயர்ன் மேல் வைக்காமல் இணைப்பின் மறுபக்கத்தில் வைக்க வேண்டும். இணைப்பே ஈயத்தை உருக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். ஈயத்தை முனையில் உருக்கி எடுத்துப்போய்த் தடவினால், போகும் வழியிலேயே ஃபிளக்ஸ் எரிந்துவிடும். இணைப்பு உருண்டையாக, மங்கலாக நிற்கும். பார்க்க ஒட்டியிருப்பதுபோல் தெரியும், ரோபோ அதிரும்போது விட்டுவிட்டு வேலை செய்யும். நல்ல இணைப்பு உட்குழிந்த சரிவாக, காலைச் சுற்றிப் படர்ந்திருக்கும்.

ஒவ்வொரு மாணவரும் தனியாக 20 இணைப்பு போட்டுக் காட்ட வேண்டும். அதில் 5ஐ நீங்கள் தேர்ந்து பிளையரால் இழுத்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். லேபுக்குள் டீ, பிஸ்கட் கூடாது.

கிரிம்பிங்கை, அதாவது வயர் முனையில் உலோகக் கவ்வியை அழுத்திப் பொருத்துவதை, பெரும்பாலான பாடத்திட்டங்கள் தொடுவதே இல்லை. தொழிற்சாலையில் வயரிங் பழுது என்றால் பாதி அங்கேதான் தேட வேண்டியிருக்கும். காப்பு உரிக்கும் நீளம் 2 முதல் 2.5 மி.மீ.; முன்சிறகு செம்புக் கம்பியைப் பிடிக்க வேண்டும், பின்சிறகு பிளாஸ்டிக் காப்பைப் பிடிக்க வேண்டும். முன்சிறகு காப்பின் மேல் விழுந்தால் வெளியே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், மின்சாரம் மட்டும் போகாது. ஒவ்வொரு கிரிம்ப்பையும் இழுத்துப் பார்த்து, கன்டினியூட்டி பார்த்த பிறகே கனெக்டருக்குள் செருக வேண்டும்.

வாரம் 3: உடல்

வடிவத்தை நீங்கள் கொடுக்காதீர்கள், கட்டுப்பாட்டை மட்டும் கொடுங்கள். 150 × 120 மி.மீ. பலகை, சக்கர அச்சுக்கும் சென்சார் வரிசைக்கும் இடையே 80 முதல் 120 மி.மீ. தூரம், பேட்டரியைத் திருகு கழற்றாமல் எடுக்க வசதி. சென்சார் அச்சுக்கு மிக அருகில் இருந்தால் வளைவு தெரியும்போது நேரம் கடந்திருக்கும். மிக முன்னால் இருந்தால் சிறு திரும்பலுக்கே சென்சார் கோட்டைத் தாண்டி வீசிவிடும்.

எடையில் பெரும்பகுதி சக்கர அச்சின் மேல் விழ வேண்டும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசின் மேல் சக்கரங்களை மட்டும் வைத்து, காஸ்டரை அதே உயரத்துக்குக் கட்டையில் நிறுத்தினால் சக்கரத்தில் எத்தனை கிராம் விழுகிறது என்று தெரிந்துவிடும். மொத்த எடையில் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் பேட்டரியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். காஸ்டர் மேல் எடை ஏறினால் சக்கரம் வழுக்கும், எந்த புரோகிராமாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அக்ரிலிக்கில் எம்3 திருகு தாராளமாகப் போக 3.2 மி.மீ. துளை. முதலில் 2 மி.மீ. பிட்டால் போட்டு, பிறகு பெரிதாக்க வேண்டும். அடியில் வீண்பலகை வைத்து இறுக்கி, டிரில்லை அழுத்தாமல் விட வேண்டும். ஓரத்திலிருந்து 6 மி.மீ.க்குள் துளை போட்டால் விரிசல் விடும். பிளைவுட்டில் இந்தத் தொல்லை குறைவு; லேசர் கட்டிங் வசதி இல்லாத கல்லூரிக்குப் பிளைவுட்டே நல்லது.

வாரம் 4: மின்விநியோகம்

நானோக்கள் எரிவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். அதனால் வரிசை தவறக் கூடாது.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ஸ்விட்ச். ஸ்விட்சுக்குப் பிறகு இரண்டு கிளை: ஒன்று நேராக மோட்டார் டிரைவருக்கு, மற்றொன்று பக் கன்வர்ட்டர் வழியாக நானோவின் 5 வோல்ட் பின்னுக்கு. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் டிரைவரின் மோட்டார் சப்ளை முனையை ஒட்டி உட்கார வேண்டும். மோட்டார் முனைகளுக்கு இடையே 100 நானோஃபாரட்டை மோட்டார் மேலேயே சால்டர் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிரஷ்ஷில் எழும் தீப்பொறி இரைச்சல் சென்சார் வயரில் ஏறும்.

இணைக்கும் படி:

1. பேட்டரி இல்லாமல், பாசிட்டிவ் – நெகட்டிவ் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் இருப்பதால் ஒரு கணம் பீப் வந்து நிற்கலாம். தொடர்ந்து பீப் அடித்தால் ஷார்ட்.
2. நானோவைச் செருகாமல், பக் கன்வர்ட்டரை மட்டும் இயக்கி, அதன் திருகைத் திருப்பி 5.0 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். புது மாடியூல் எந்த வோல்டேஜில் வரும் என்று சொல்ல முடியாது. அளக்காமல் நானோவை இணைத்தால் 8 வோல்ட் நேராக 5 வோல்ட் பின்னில் ஏறும், சிப் அங்கேயே முடிந்தது.
3. ஸ்விட்சை அணைத்து, நானோவைச் செருகி, மறுபடி இயக்கி 5 வோல்ட்டை உறுதி செய்யுங்கள்.
4. கடைசியாக மோட்டார் டிரைவர்.

பிரெட்போர்டில் மோட்டார் மின்னோட்டத்தை ஓட விடாதீர்கள். அதன் உள்கவ்விகள் தளர்ந்தால் அங்கேயே வோல்டேஜ் விழும். சோதித்துப் பார்க்க பிரெட்போர்டு, ரோபோவில் புள்ளி போர்டு என்று பிரித்துவிடுங்கள். ஒரு செல் 3.3 வோல்ட்டுக்கு வந்தால், அதாவது மொத்தம் 6.6 வோல்ட் ஆனால், ஓட்டத்தை நிறுத்திச் சார்ஜ் போட வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிக்கொண்டே போனால் செல் கெடும். சார்ஜ் போட்டுவிட்டு லேபைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது கூடவே கூடாது.

வாரம் 5: மோட்டார் ஓட்டம்

டிரைவரின் இரண்டு வேகப் பின்களை நானோவின் டி9, டி10இல் இணையுங்கள். திசைப் பின்கள் டி4, டி5, டி7, டி8. ஸ்டாண்ட்பை பின் டி6. டிரைவரின் கிரவுண்டும் நானோவின் கிரவுண்டும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

"எல்லா வயரும் சரியா இருக்கு சார், மோட்டார் மட்டும் ஓடலை" என்று ஒரு குழுவாவது வரும். முதலில் ஸ்டாண்ட்பை பின்னில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பின்னை இணைக்காமல் விட்டால் சிப்பின் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் அதைக் கீழே இழுத்து டிரைவரைத் தூங்க வைத்துவிடும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் வர வேண்டும் என்று எழுதி அளந்து வரச் சொல்லுங்கள்.

வேகத்தையும் முதலில் கணக்கில் போட வேண்டும். 300 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 5 சுற்று. 43 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 135 மி.மீ., ஆக நொடிக்கு 0.67 மீட்டர். தரையில் 2 மீட்டர் அளந்து ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தால் குறைவாகத்தான் வரும். சுமை ஏறும்போது மோட்டார் வேகம் இறங்கும் என்று இயந்திரப் பாடத்தில் படித்த வளைகோடு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

6 வோல்ட் மோட்டாருக்கு 8.4 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறோம். ஆகவே பி.டபிள்யூ.எம். மதிப்பை (மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைத்து மோட்டார் வேகத்தை மாற்றும் எண்) முழு அளவான 255 வரை விடக் கூடாது. 6 ÷ 8.4 × 255, ஏறத்தாழ 182. புரோகிராமில் உச்சவரம்பு 180. டி9, டி10இல் இயல்பாக வரும் 490 ஹெர்ட்ஸில் மோட்டார் சீழ்க்கை அடிக்கும். டைமர் 1இன் உச்ச எண்ணை 400 ஆக்கி, ஃபேஸ் கரெக்ட் முறையில் பிரிப்பான் இல்லாமல் ஓட்டினால் 20 கிலோஹெர்ட்ஸ் கிடைத்துச் சத்தம் அடங்கும். அப்போது வேகத்தின் முழு அளவு 255க்குப் பதில் 400 என்பதால், வரம்பு 280 ஆகும். இதை மறந்த குழுவின் ரோபோ மெதுவாக ஓடும், ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வாரம் 6, 7: சென்சார்

இந்த இரண்டு வாரத்துக்கு அவசரப்படாதீர்கள். லைன் ஃபாலோயர் நன்றாக ஓடுவதும் தடுமாறுவதும் ஏறக்குறைய முழுக்கச் சென்சாரைப் பொறுத்தது.

டி.சி.ஆர்.டி.5000க்குள் ஒரு ஐ.ஆர். எல்.இ.டி.யும் ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டரும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. எல்.இ.டி.க்கு 220 ஓம் போட்டால் (5 – 1.2) ÷ 220, ஏறத்தாழ 17 மில்லி ஆம்பியர், ஐந்துக்கும் சேர்த்து 85. ஃபோட்டோ டிரான்சிஸ்டரின் கலெக்டரை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, அந்தச் சந்திப்பை ஏ0 முதல் ஏ4 வரையிலான பின்களுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், டிரான்சிஸ்டர் கடத்தும், வோல்டேஜ் விழும். கறுப்பில் வோல்டேஜ் ஏறும். பாதி மாணவர் இதைத் தலைகீழாக எழுதுவார்கள், எழுதட்டும், அளக்கும்போது தெரியும்.

பேட்டரி டிவைடரை ஏ7இல் இணையுங்கள். நானோவில் ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் மட்டும். அங்கே பட்டனை வைத்து டிஜிட்டலாகப் படிக்கப் பார்த்தால் வேலை செய்யாது. பட்டன் டி2இல் இருக்கட்டும்.

சென்சார்களின் இடைவெளி கோட்டின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் பொதுவாக 18, 19 மி.மீ. அகலம். சென்சார் மையங்களுக்கு இடையே 14 மி.மீ. வைத்தால் எப்போதும் ஒன்றோ இரண்டோ கோட்டின் மேல் இருக்கும். 25 மி.மீ. வைத்தால் கோடு இரண்டு சென்சாருக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும், ரோபோ கோட்டின் மேலே நின்றுகொண்டே கோட்டைத் தேடும்.

உயரம்: தரையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. இந்தச் சென்சாருக்கு உச்ச உணர்திறன் சுமார் 2.5 மி.மீ. தூரத்தில்தான். ஒவ்வொரு குழுவும் 1 மி.மீ. தடிமன் அட்டைகளை அடுக்கி 2 முதல் 12 மி.மீ. வரை உயர்த்தி, வெள்ளைக்கும் கறுப்புக்கும் வரும் எண்களை வரைபடமாகப் போட வேண்டும். இரண்டு கோடும் எங்கே அதிகம் விலகியிருக்கின்றனவோ அதுதான் அவர்கள் ரோபோவின் உயரம்.

இங்கே வரும் பழுதுகள்:

ஜன்னல் வெயில். சூரிய ஒளியில் ஐ.ஆர். நிறைய உண்டு, கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். சென்சார் போர்டைச் சுற்றிக் கறுப்பு அட்டைப் பாவாடை கட்டினால் பெரும்பாலும் தீரும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் எல்.இ.டி.களை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக அணைத்தும் போட்டும் இருமுறை படித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம்.

கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் கோடு சென்சாருக்குத் தெரியாமல் போவது. சில இங்க்ஜெட் மைகளும் மார்க்கர் மைகளும் ஐ.ஆர். ஒளியை விழுங்குவதில்லை. கரி கலந்த லேசர் டோனரும் கறுப்பு டேப்பும் விழுங்கும். பாதையை பிரின்ட் எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சோதித்துவிடுங்கள். பளபளக்கும் ஃபிளெக்ஸ் பேனரைவிட மங்கலான பரப்பு நல்லது.

அளவீடு தயாரானதும் புரோகிராம். பட்டனை அழுத்தியதும் ரோபோவைக் கோட்டின் குறுக்கே கையால் 5 நொடி அங்குமிங்கும் நகர்த்த, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, அதிக மதிப்பைப் பதிவுசெய்து 0 முதல் 1000 வரை மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு மதிப்பையும் அதன் இடத்தால் (0, 1000, 2000, 3000, 4000) பெருக்கி, கூட்டி, மதிப்புகளின் கூட்டலால் வகுத்தால் கோட்டின் இடம் கிடைக்கும். நடுவில் இருந்தால் 2000. இதற்கு மாறியை "லாங்" என்று அறிவிக்க வேண்டும். நானோவில் "இன்ட்" 32,767 வரைதான். 1000 × 4000 நாற்பது லட்சம். இன்ட் போட்டால் எண் வழிந்து, கோடு வலப்பக்கம் போகும்போது ரோபோ திடீரென்று இடப்பக்கம் பாயும்.

எந்தச் சென்சாரிலும் கோடு இல்லையென்றால், கடைசியாக எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும்.

வாரம் 8, 9: ஓட்டமும் டியூனிங்கும்

பிழை என்பது 2000இலிருந்து கோட்டின் இடம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. திருத்தம் = கே.பி. × பிழை + கே.டி. × (இப்போதைய பிழை – முந்தைய பிழை). கே.பி., கே.டி. இரண்டும் நாம் தேர்ந்து வைக்கும் பெருக்கு எண்கள். திருத்தத்தை ஒரு சக்கரத்தின் வேகத்தில் கூட்டி மற்றொன்றில் கழிக்க வேண்டும். ஐ பகுதி (பிழைகளைத் தொடர்ந்து கூட்டிச் சேர்க்கும் உறுப்பு) இந்த வேலைக்குப் பொதுவாக வேண்டாம். ரோபோ ஒரே பக்கம் இழுத்தால் சக்கரத்தையோ மோட்டாரையோ பாருங்கள், ஐ போட்டு மூடி மறைக்காதீர்கள்.

அடிப்படை வேகத்தை 80 ஆக வைத்து, கே.டி. பூஜ்யம், கே.பி. 0.02இல் தொடங்குங்கள். (இந்த எண்கள் 255 முழு அளவுக்கு, 400 வைத்த குழு அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.) நேர்க்கோட்டில் ரோபோ லேசாக அலையத் தொடங்கும் வரை கே.பி.யை ஏற்றுங்கள். பிறகு கே.பி.யைப் போல் 5 மடங்கு முதல் 10 மடங்கு வரை கே.டி. கொடுத்துப் பாருங்கள், அலைச்சல் அடங்கும். கே.டி. மிகுந்தால் மோட்டார் நடுங்கும், சூடாகும். ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் பேட்டரி வோல்டேஜோடு சேர்த்து நோட்டில் எழுத வேண்டும். 8.3 வோல்ட்டில் பிடித்த டியூனிங் 7 வோல்ட்டில் வேறு மாதிரி ஓடும்.

சுழற்சி நேரத்தை 5 மில்லிநொடிக்கு நிலையாக வையுங்கள். ஐந்து சென்சாரைப் படிக்க அரை மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும், மீதி நேரம் தாராளம். முழு வேகத்தில் 5 மில்லிநொடிக்கு ரோபோ 3 மி.மீ. சொச்சம்தான் நகரும்.

இதைக் கெடுக்கும் பெரிய எதிரி சீரியல் பிரிண்ட். பிழை எண்ணைத் திரையில் பார்க்கலாம் என்று சுழற்சிக்குள் பிரிண்ட் போடுவார்கள். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லிநொடி. பஃபர் 64 எழுத்தில் நிறைந்ததும் புரோகிராம் காத்திருக்கத் தொடங்கும். 5 மில்லிநொடிச் சுழற்சி 30 வரைகூட ஆகலாம். ரோபோ பாம்புபோல் நெளியும், மாணவர் கே.டி.யை ஏற்றிக்கொண்டே போவார். பிரிண்ட்டை எடுத்ததும் சரியாகும், ஆனால் அதற்குள் கே.டி. கண்டபடி ஏறியிருக்கும். சுழற்சி நேரத்தை மைக்ரோஸ் என்ற கட்டளை கொண்டு அளந்து, 6 மில்லிநொடியைத் தாண்டினால் எல்.இ.டி. எரியும்படி முதலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நானோவில் புரோகிராம் ஏறாவிட்டால்: நகல் போர்டுகளுக்கு சி.எச்.340 டிரைவர் நிறுவியிருக்க வேண்டும், பூட்லோடர் தேர்வில் "பழையது" என்பதை மாற்றிப் பார்க்க வேண்டும், டி0, டி1இல் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. சார்ஜ் மட்டும் போடும் யு.எஸ்.பி. கேபிளையும் சந்தேகப்படுங்கள்.

வாரம் 10: பழுது கண்டுபிடிக்கும் தேர்வு

யார் ரோபோ வேகமாக ஓடுகிறது என்று போட்டி வையுங்கள், உற்சாகத்துக்கு. மதிப்பெண்ணை அதில் வைக்காதீர்கள். குழுவில் ஒருவர் செய்ததை மூவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். மதிப்பெண் தனித்தனியாக, பழுது கண்டுபிடிப்பதற்கு.

நன்றாக ஓடும் ரோபோ ஒன்றில் நீங்கள் ஒரே ஒரு பழுது வையுங்கள். மாணவருக்கு 15 நிமிடம், ஒரு மல்டிமீட்டர், அவர்கள் குழுவின் சுற்றுப்படம். சில பழுதுகள்:

- ஒரு சென்சாரின் 10 கிலோ ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம். டிரான்சிஸ்டரால் வோல்டேஜை முழுதாகக் கீழே இழுக்க முடியாமல், வெள்ளையையும் கறுப்பு என்றே சொல்லக்கூடும்.
- டிரைவரின் கிரவுண்ட் வயர் காப்புக்குள் அறுந்தது.
- பக் கன்வர்ட்டர் 4.2 வோல்ட்டில்.
- ஒரு மோட்டாரின் இரு வயரும் இடம் மாறியது.
- காப்பைக் கவ்விய கிரிம்ப்.
- கே.டி.யின் குறி மைனஸ்.

40 மதிப்பெண் என்றால் பழுதைக் கண்டுபிடித்ததற்கு 10 போதும். எந்த இடத்தில் என்ன வோல்டேஜ் எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்ற வரிசைக்கு 20. சரிசெய்து மறுபடி அளந்ததற்கு 10. பேட்டரியில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறி, நேரம் போதாமல் கடைசிவரை எட்டாத மாணவர், வயரை அசைத்துப் பார்த்துத் தற்செயலாகப் பிடித்தவரைவிட அதிகம் வாங்க வேண்டும். தேர்வு முறை இதுதான் என்று முதல் வாரமே அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் மூவரும் மீட்டரைக் கையில் எடுப்பார்கள்.

தேர்வு முடிந்ததும் ரோபோக்களைப் பிரித்துப்போடாதீர்கள். செல்களை மட்டும் கழற்றி, பாதி சார்ஜில், ஒவ்வொன்றும் சுமார் 3.7 வோல்ட்டில், தனி டப்பாவில் முனை மறைத்து வையுங்கள். அடுத்த பருவத்தில் இதே உடலில் என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) உள்ள மோட்டாரை மாட்டி, இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வேலையைக் கொடுக்கலாம். அதற்கு அடுத்தது மைக்ரோமவுஸ், சுவர் வைத்த புதிர்ப்பாதையில் தானே வழி தேடும் ரோபோ: 16க்கு 16 கட்டம், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர். 120 மி.மீ. அகலமுள்ள இந்தப் பலகை அந்தச் சுவர்களுக்கிடையே திரும்ப இடம் போதாது, உடலைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.